குழந்தைக் கேரக்டர்களை வைத்து ஒரு கேம்பெய்ன்: ஸ்ட்ரெங்த்தைக் குறைக்கலாமா?

பிப்ரவரி 8, 2025 – கேள்வி

அடுத்த கேம்பெய்னில் (பல நாள் ஆட்டமாக நீளும் ஒரே கதை) எல்லாருமே ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளாக ஆடலாம் என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), 5ஆம் பதிப்பு; மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. பிள்ளைகள் என்றால் பலம் குறைவாகத்தானே இருக்கும்? ஸ்ட்ரெங்த்தில் நாலு, கான்ஸ்டிடியூஷனில் (உடல் உறுதி) இரண்டு கழித்து, ஹிட் பாயிண்டையும் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) பாதியாக்கலாம் என்று இருக்கிறேன். யாராவது இப்படி நடத்தியிருக்கிறீர்களா?

பிப்ரவரி 8, இரவு

எதையும் கழிக்காதீர்கள்.

ஸ்ட்ரெங்த்தில் நாலைக் கழித்தால் பகடையோடு கூட்டும் எண்ணில் இரண்டுதான் குறையும். இருபது முகப் பகடையில் இரண்டு என்பது நூற்றுக்குப் பத்து. ஆடுகிறவருக்கு அதில் குழந்தை என்ற உணர்வு வராது. தன் கேரக்டர் மற்ற கேம்பெய்னில் இருந்ததைவிடக் கொஞ்சம் மொக்கை என்ற எரிச்சல்தான் வரும்.

ஹிட் பாயிண்டைப் பாதியாக்குவது அதைவிட மோசம். 5ஆம் பதிப்பு முதலில் வந்த 2014 விதிகளில் கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் வாள் ஆறு முகப் பகடையோடு 2 சேர்த்து அடிக்கும். அதிகபட்சம் 8. உங்கள் கணக்கில் ஒரு பிள்ளைக்கு 4 ஹிட் பாயிண்ட் என்று வையுங்கள். 8 விழுந்தால் முதல் 4 அவனைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கும். மிச்சமும் 4. அது அவனுடைய முழு ஹிட் பாயிண்டுக்குச் சமம். மிச்ச அடி அந்த அளவைத் தொட்டால் டெத் சேவ் (பூஜ்ஜியத்துக்கு வந்தவர் பிழைப்பாரா என்று உருட்டும் பகடை) கிடையாது, அங்கேயே சாவு. ஆக, ஒரு சாதாரணக் கோப்ளின், கிரிட்டிகல் என்ற கூடுதல் அடிகூட இல்லாமல், படுகிற ஆறு அடியில் ஒன்றில் பத்து வயதுப் பிள்ளையைக் கொன்றுவிடும். முதல் செஷனிலேயே இது நடக்கலாம். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாருக்கும் விளையாட மனசு வராது.

நான் இப்படி ஒரு கேம்பெய்னைத் தொடங்கி, கடைசிவரை நடத்தியிருக்கிறேன். எண்களை அப்படியே விட்டுவிடுங்கள். குழந்தைமை வேறு இடத்தில் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

"எண்ணில் இல்லை என்றால் எங்கேதான் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் தெரியும்.

எங்கள் கதை ஒரு துறைமுக ஊரில் நடந்தது. அங்கே கலங்கரை விளக்கம் ஒவ்வோர் இரவும் கொஞ்ச நேரம் அணையும். அந்த நேரத்தில் எதுவோ கரையேறும். பெரிய வீரர்களாக இருந்தால் கத்தியை எடுத்துக்கொண்டு நேரே போயிருப்பார்கள், அரை மணி நேரத்தில் முதல் சண்டை வந்திருக்கும். எங்கள் கேரக்டர்களுக்கு அது முடியாது. தவளை என்ற மீனவர் வீட்டுப் பையன் தம்பியைத் தூங்கவைக்க வேண்டும். தையல்காரர் வீட்டு ஊசி, மீன் சந்தையைத் தாண்டக் கூடாது என்று அவள் மாமா சொல்லியிருக்கிறார். மொட்டை படுப்பது பாட்டிக்குப் பக்கத்தில், பாட்டிக்குத் தூக்கமே கிடையாது. முதல் செஷன் முழுக்க வீட்டை விட்டு வெளியே வருவதிலேயே போனது. ஒரு வாள்கூட உருவப்படவில்லை. ஆனால் அன்றைக்குப் போல எல்லாரும் மேஜைமேல் குனிந்து உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கே இரண்டு விதிகள் உருவாயின. உங்களுக்கும் இவற்றைத்தான் சொல்வேன்.

ஒன்று, வீட்டுப் பெரியவர்களிடம் பகடை கிடையாது. பெர்சுவேஷன் (பேசி மனசை மாற்றும் திறமை) உருட்டி அம்மாவை ஜெயிக்க முடியாது. அனுமதி வேண்டுமென்றால் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும்.

இரண்டு, பொய்ச் சீட்டு. யார் பொய் சொன்னாலும் அதை ஒரு சின்னச் சீட்டில் எழுதி மேஜை நடுவில் வைக்க வேண்டும். யாரிடம் சொன்னேன், என்ன சொன்னேன், இவ்வளவுதான். அந்தப் பொய் உயிரோடு இருக்கும்வரை சீட்டும் அங்கேயே இருக்கும். கதையில் இரண்டு பெரியவர்கள் சந்திக்கும்போதெல்லாம் நான் எந்தச் சீட்டை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். தவளை அம்மாவிடம், "தினமும் சாயங்காலம் பூசாரியிடம் எழுத்துப் படிக்கிறேன்" என்று சொல்லியிருந்தான். ஊசி மாமாவிடம், "பூசாரி படுத்த படுக்கையாக இருக்கிறார், கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் தனித்தனி செஷனில் சொன்ன பொய்கள். சந்தை நாளன்று அந்த அம்மாவும் மாமாவும் ஒரே கடையில் நிற்கிறார்கள் என்று சொல்லி இரண்டு சீட்டையும் எடுத்தேன். மேஜையில் ஒரே கூச்சல். அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடிப்போய்ப் பூசாரி காலில் விழுந்து, ஒரு கூடை நண்டு கொடுத்து, அவரைப் படுக்கவைத்து, படுத்தபடியே எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அம்மாவும் மாமாவும் வந்து பார்த்தபோது இரண்டு பொய்யும் உண்மை.

பூசாரிக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. தவளையைத் தினமும் வரச்சொன்னார். அவன் நிஜமாகவே படிக்கக் கற்றுக்கொண்டான். ரொம்ப நாள் கழித்து, கலங்கரை விளக்கத்தின் உள்சுவரில் இருந்த எழுத்தை வாசிக்க அந்தக் குழுவில் அவன் ஒருவனால்தான் முடிந்தது. நான் அப்படித் திட்டமிடவே இல்லை.

பிப்ரவரி 11

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: ஊரில் காவலர்கள் இருக்கிறார்கள், மந்திரவாதி இருக்கிறார், பெரியவர்களிடம் சொன்னால் முடிந்துவிடாதா?

இதற்கு எல்லாரும் முதலில் எடுக்கும் வழி, பெரியவர்களை முட்டாளாக்குவது. அது சீக்கிரம் சலிக்கும். ஸ்வீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட டேல்ஸ் ஃப்ரம் தி லூப் விளையாட்டில், பெரியவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பார்கள், பிள்ளைகளின் உலகம் அவர்களுக்குப் புரியாது என்பதை அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறார்கள். 1980களின் ஸ்வீடன் தீவுகளில் நடக்கும் கதைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. டிராகன் பறக்கும் உலகத்தில் அது மட்டும் போதாது. அங்கே பெரியவர்களும் பேயை நம்புகிறவர்கள்தானே.

நான் செய்தது: பெரியவர்கள் கேட்பார்கள், நம்புவார்கள், ஆனால் அவர்களுக்கு வேறு அவசரம் இருக்கும். காவல் தலைவனுக்கு வரி வசூல். மந்திரவாதிக்கு அந்த விளக்கு அணைவதில் காசு வருகிறது. மொட்டையின் பாட்டி எல்லாவற்றையும் நம்பினாள். அவளும் சின்ன வயதில் அதைப் பார்த்தவள். ஆனால் அவளால் எழுந்து நடக்க முடியாது. தன் பேரன் சொல்வது உண்மை என்று தெரிந்தும், அவனை அனுப்பவும் முடியாமல், தடுக்கவும் முடியாமல் அவள் உட்கார்ந்திருந்த காட்சிகள்தான் அந்தக் கேம்பெய்னில் எனக்கு மிகவும் பிடித்தவை. நம்பாத பத்துப் பெரியவர்களைவிட நம்புகிற ஒருவர் கதைக்கு அதிகம் உதவுவார்.

பிப்ரவரி 15

முன்னமே சொல்லியிருக்க வேண்டியது இது. தொடங்குவதற்கு முன் குழுவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பிள்ளைகள் நடுவில் இருக்கும் கதையில் ஆபத்து வந்தால், அது மேஜையில் இருக்கும் பெரியவர்களை வேறு மாதிரி தொடும். எங்கள் குழுவில் இரண்டு பேருக்குக் கைக்குழந்தைகள். விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் எழுதிவைத்த 'லைன்ஸ் அண்ட் வெயில்ஸ்' முறை இங்கே ரொம்ப உதவியது. எது கதையில் வரவே கூடாது, எது நடந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று இரண்டு பட்டியல். எங்களுக்கு, பிள்ளைகளைப் பெற்றவர்களே அடிப்பது முதல் பட்டியலில். ஊரில் நடந்த பழைய சாவுகள் இரண்டாவதில். பிள்ளைக் கேரக்டர்களைச் சுற்றிக் காதல், காமம் எதுவும் கிடையாது என்பதை நானே எழுதினேன். அது யாரிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை. அதில் யாராவது முகம் சுளித்தால் அவரை வைத்துக்கொண்டு இந்தக் கேம்பெய்னை நடத்தாதீர்கள்.

ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் 2013இல் அறிமுகப்படுத்திய எக்ஸ் கார்டும் மேஜையில் இருந்தது. எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை. யார் தொட்டாலும் அந்தக் காட்சி மாறும், காரணம் கேட்கக் கூடாது. கூட்டத்தில் தம்பி தொலைந்துபோகும் ஒரு காட்சியில் ஒருவர் அதைத் தொட்டார். "தம்பி பஞ்சு மிட்டாய்க்காரர் பக்கத்தில் நிற்கிறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனேன். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பிப்ரவரி 16

சண்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாவு வேண்டுமா வேண்டாமா?

டேல்ஸ் ஃப்ரம் தி லூப்பில் பிள்ளைகள் சாக மாட்டார்கள் என்று விதியே இருக்கிறது. பயந்துபோவார்கள், களைத்துப்போவார்கள், காயப்படுவார்கள், நொறுங்கிப்போவார்கள். ஆனால் உயிர் போகாது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன், டி அண்ட் டியின் டெத் சேவை மட்டும் விடவில்லை. அந்தப் பகடையை உருட்டும்போது மேஜையில் வரும் அமைதி எனக்கு வேண்டும்.

எனவே இப்படி மாற்றினோம். பூஜ்ஜியத்துக்கு வந்தவர் வழக்கம்போல உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, கீழே வந்தால் தோல்வி. மூன்று வெற்றி என்றால் யாரும் பார்க்காமல் தப்பித்தாய். மூன்று தோல்வி என்றால் விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

சாவை எல்லாரும் ஒரு சிரிப்போடு ஏற்றுக்கொள்வார்கள். புது கேரக்டர் ஷீட்டை எடுத்தால் போதும். வீட்டுக்குத் தெரிவதை யாரும் அப்படி ஏற்கவில்லை. ஊசிக்கு இரண்டு தோல்வி ஆகி மூன்றாவதை உருட்ட வேண்டிய கட்டத்தில், அவளை ஆடியவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமாவுக்குத் தெரிந்தால் கடையை விட்டு என்னை வெளியிலேயே விட மாட்டாரே" என்று நிஜமாகவே கலங்கினார். ஒரு வங்கியில் மேலாளராக இருப்பவர் அவர்.

பிப்ரவரி 22

எட்டாம் தேதி எழுதியதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "எண்களைத் தொடாதீர்கள்" என்று ஒரேயடியாகச் சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறேன். வெறுமனே கழிக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் கழித்தால் பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

இதையும் லூப் அழகாகச் செய்திருக்கிறது. பிள்ளைகளின் வயது 10 முதல் 15 வரை. வயது எவ்வளவோ அவ்வளவு புள்ளிகளை அடிப்படைத் திறன்களில் போடலாம். 15இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிர்ஷ்டப் புள்ளி. தோற்ற பகடையை மறுபடி உருட்ட அது உதவும். பத்து வயதுக்காரனுக்குத் திறன் 10, அதிர்ஷ்டம் 5. பதினைந்து வயதுக்காரிக்குத் திறன் 15, அதிர்ஷ்டம் இல்லவே இல்லை. வளர வளர கெட்டிக்காரத்தனம் கூடும், அதிர்ஷ்டம் விலகும். ஒரே ஒரு கழித்தல் கணக்கில் இவ்வளவையும் சொல்லிவிட்டார்கள்.

2018இல் வந்த கிட்ஸ் ஆன் பைக்ஸ் விளையாட்டில் இன்னொரு வழி. குழந்தையாக இருந்தால் தப்பி ஓடுவதிலும் பிறரைக் கவர்வதிலும் ஒவ்வொன்று கூடும். அங்கே வயதுக்காக எதையும் பிடுங்குவதில்லை.

டி அண்ட் டியில் இதற்குச் சுலபமான வழி ஹாஃப்லிங் என்ற குள்ள இனம். உங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும், எந்த இனமாக இருந்தாலும், ஹாஃப்லிங்கின் குணங்களைக் கொடுத்துவிடுங்கள். உருவம் சிறியது. பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம். தன்னைவிடப் பெரிய உருவத்தின் காலிடுக்கில் நுழைந்து போகலாம். பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளியலாம். இவை எல்லாம் சந்தைக்குள் ஓடும் ஒரு எட்டு வயதுப் பிள்ளை தினமும் செய்வதுதான். 2014 விதிகளில் சிறிய உருவம் பெரிய கனமான ஆயுதங்களைப் பிடித்தால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். நீங்கள் ஸ்ட்ரெங்த்தில் கழித்துக் கொண்டுவர நினைத்ததும் அதிலேயே வந்துவிடும்.

ஹாஃப்லிங்கிடம் இருக்கும் 'பிரேவ்' என்ற குணத்தை மட்டும் கொடுக்காதீர்கள். பயத்தை எதிர்க்க அது அட்வான்டேஜ் தரும், அதாவது இரண்டு பகடையில் பெரியதை எடுக்கலாம். பயந்த பிள்ளை பயந்தபடியே ஒரு வேலையைச் செய்வதைப் பார்க்கத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

பிப்ரவரி 23

சின்னதாக ஒன்று. காய், பழம்.

நாங்கள் தமிழில் ஆடுகிறோம். ஒரு செஷனில் ஊசி, தவளையோடு காய் விட்டுவிட்டாள். சின்ன வயதில் எல்லாரும் செய்ததுதான் என்று மேஜை சிரித்தது. நான் அதை அப்படியே விதியாக்கினேன். காய் விட்ட இருவரும் ஒருவருக்கொருவர் ஹெல்ப் ஆக்‌ஷன் எடுக்க முடியாது. ஹெல்ப் இல்லையென்றால் அட்வான்டேஜ் இல்லை. பழம் விட்ட கணத்தில் இரண்டு பேருக்கும் ஒரு இன்ஸ்பிரேஷன், அதாவது பிறகு ஒரு பகடைக்கு உதவும் பரிசு. சண்டைக்கு நடுவில், அலைக்குள் நின்றுகொண்டு, இருவரும் விரலை நீட்டிப் பழம் விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் இந்த விதியை எடுக்கச் சொல்லவில்லை.

மார்ச் 1

"பத்து வயதில் எப்படி விஸார்டாக (மந்திரம் படித்தவராக) இருக்க முடியும், எந்தக் கிளாஸ் (கேரக்டரின் தொழில்) பொருந்தும்?" எல்லாமே பொருந்தும், அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளையின் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். ரோக் (திருட்டு வித்தை தெரிந்தவர்) என்றால் பூட்டுத் திறப்பவரின் மகன். ட்ரூயிட் (இயற்கையின் மந்திரம் தெரிந்தவர்) என்றால் தெரு நாய்கள் எல்லாம் பின்னால் வரும் பெண்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வார்லாக், அதாவது ஏதோ ஒரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறுபவர். எங்கள் குழுவில் எல்லாருக்கும் சின்னவள் சுண்டு. அவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நண்பன். கிணற்றுக்குள் இருக்கிறான், கூப்பிட்டால் பேசுவான். அம்மா சிரிப்பாள், ஊரே சிரிக்கும். 2014 விதிகளில் வார்லாக் முதல் லெவலிலேயே தன் பேட்ரன், அதாவது அந்தச் சக்தி, யார் என்று சொல்லியாக வேண்டும். 2024இல் திருத்தி வந்த விதிகளில் அந்தத் தேர்வு மூன்றாம் லெவலில்தான் வருகிறது. இந்தக் கதைக்காகவே மாற்றியதுபோல இருந்தது எனக்கு. இரண்டு லெவல் முழுக்க அவள் கிணற்றோடு பேசினாள். உதவி கிடைத்தது, மந்திரம் கிடைத்தது. யாரோடு பேசுகிறாள் என்று அவளை ஆடியவருக்கும் தெரியாது. மூன்றாம் லெவல் வந்த அன்று கிணறு அவளிடம் முதல் தடவையாக ஒன்று கேட்டது: "உன் தம்பி பெயர் என்ன?"

மேஜையில் அவ்வளவு பேரும் ஒரே குரலில் "சொல்லாதே!" என்று கத்தினார்கள். சுண்டுவுக்குத் தம்பியே இல்லை. அவள் அம்மா கர்ப்பமாக இருக்கிறாள் என்பது அடுத்த செஷனில்தான் தெரிந்தது.

மார்ச் 2

குரலை மாற்றிப் பேச வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். நாற்பது வயதுக்காரர் மழலை பேசினால் கால் மணி நேரத்தில் எல்லாருக்கும் களைப்பு வந்துவிடும். பிள்ளை மாதிரிப் பேசாமல், பிள்ளை மாதிரி ஆசைப்படச் சொல்லுங்கள்.

அதற்கு நான் கொடுத்த ஒரே வேலை, ஒவ்வொருவரும் கேரக்டர் ஷீட்டின் மூலையில் ஒரு தவறான நம்பிக்கையை எழுத வேண்டும். அந்தப் பிள்ளை உறுதியாக நம்புகிற, ஆனால் உண்மையில்லாத ஒன்று. தவளை எழுதியது, கலங்கரை விளக்கத்தின் நிழலை மிதித்தால் உயரமாக வளர மாட்டோம். மொட்டை எழுதியது, அப்பா நீண்ட பயணமாகக் கடலுக்குப் போயிருக்கிறார்.

இந்த நம்பிக்கைகளில் ஒன்றை மட்டும் நான் ரகசியமாக உண்மையாக்குவேன் என்று சொல்லியிருந்தேன். எது என்று சொல்லவில்லை. ஆகவே எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் நம்பினார்கள். நிழலை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள், பெரிய சண்டையின் நடுவிலும்கூட. மொட்டையை ஆடியவர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையாக்கியது நிழலைத்தான். ஓர் ஆளையே திரும்பக் கொண்டுவரும் அளவுக்குக் கதையை வளைக்க எனக்குத் துணிவு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா வராததால்தான் பாட்டியின் காட்சிகள் எல்லாம் மனசில் நின்றன. மொட்டையை ஆடியவரிடம் செஷனுக்குப் பிறகு தனியாகப் பேசினேன். "வந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்" என்றார்.

மார்ச் 15

கேள்வி கேட்டவர் இன்று புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். அவருடைய பத்து வயது மகள் தானும் இந்தக் கேம்பெய்னில் ஆட வேண்டும் என்கிறாளாம். சேர்க்கலாமா?

சேருங்கள், ஆனால் இந்தக் கேம்பெய்னில் வேண்டாம். என் அக்கா பிள்ளைகளுக்கு நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். உண்மையான குழந்தைகளிடம் "நீ ஒரு பத்து வயதுப் பிள்ளை, எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்" என்றால் அவர்களுக்கு அதில் என்ன புதுமை? காலையிலிருந்து அதைத்தானே செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிய வாள், சொந்தக் கப்பல், யாரிடமும் கேட்காமல் வெளியே போகும் உரிமை. பொய்ச் சீட்டை அவர்களிடம் நீட்டினேன், இரண்டு பேரும் பயந்துபோய் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பெரியவர்களுக்குப் பழைய ஞாபகமாக இருப்பது அவர்களுக்கு இன்றைய கவலை.

மகளுக்குத் தனியாக ஒரு மேஜை போடுங்கள். அவளுக்குப் பிடித்த வீராங்கனையை முதல் லெவலில் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பகடையை அவளே உருட்டட்டும், கூட்டல் கணக்கையும் அவளே போடட்டும். அந்த வீராங்கனைக்கு ஒரு குதிரை கொடுங்கள். குதிரைக்குப் பெயர் வைக்கவே முதல் கால் மணி நேரம் போய்விடும், அதை அவசரப்படுத்த வேண்டாம்.

உங்கள் குழுவின் முதல் செஷன் அடுத்த வாரம் என்று எழுதியிருந்தீர்கள். ஊர் வரைபடம் இன்னும் தயாராகவில்லை என்றால் பரவாயில்லை. நாலு வீடுகளும் அவற்றின் கதவுகளும் யார் எங்கே படுக்கிறார்கள் என்பதும் தெரிந்தால் போதும். எந்தக் கதவு சத்தம் போடும் என்று மட்டும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.